என் பேரில் வாரண்ட் இருக்கிறதா?

"என் பேரில் வாரண்ட் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று ஆன்லைனில் பார்த்துச் சொல்ல முடியுமா?" குற்றவியல் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் என்னைப் போன்றவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போகிறவராகவோ, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்ப இருப்பவராகவோ, பழைய காசோலைத் தகராறு என்ன ஆயிற்று என்று தெரியாமல் தூக்கம் கெட்டவராகவோ இருப்பார். பெயரைத் தட்டினால் பிடியாணை இருக்கிறதா இல்லையா என்று காட்டும் பொதுப் பட்டியல் எதுவும் தமிழ்நாட்டில் கிடையாது. அமெரிக்காவில் பல ஊர்களில் ஷெரிஃப் அலுவலகமே அப்படியொரு பட்டியலை வெளியிடுவதைப் பார்த்துவிட்டு இங்கும் இருக்கும் என்று நம்பித் தேடுகிறவர்கள், பணம் கேட்கும் தனியார் தளங்களில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிடியாணை, அதாவது வாரண்ட், என்பது ஒரு குறிப்பிட்ட வழக்கில் ஒருவரைக் கைது செய்யும்படி நீதிமன்றம் காவல் துறைக்கு எழுத்து மூலம் இடும் கட்டளை. ஆகவே தேட வேண்டியது வழக்கை. வழக்கு கிடைத்துவிட்டால் பிடியாணை அதன் நடவடிக்கைக் குறிப்புக்குள் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி, பிடியாணை எழுத்தில் இருக்க வேண்டும், நீதிபதியின் கையொப்பமும் நீதிமன்ற முத்திரையும் அதில் இருக்க வேண்டும், நீதிமன்றம் அதை ரத்து செய்யும் வரையிலோ அது நிறைவேற்றப்படும் வரையிலோ அது உயிரோடு இருக்கும். பத்து வருடம் ஆகிவிட்டது, தானாகவே காலாவதி ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிப்பது நல்லது.

வழக்கைத் தேடும் இடம் மத்திய அரசின் இ-கோர்ட்ஸ் சேவைத் தளம். அதற்குக் கைபேசிச் செயலியும் உண்டு, கட்டணம் எதுவும் கிடையாது. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றை வரிசையாகத் தேர்ந்தெடுத்த பிறகு, வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், முதல் தகவல் அறிக்கை எண், வழக்கறிஞர் பெயர் என எதைக் கொண்டு வேண்டுமானாலும் தேடலாம். மிக எளிய வழி சி.என்.ஆர். எண். நாட்டிலுள்ள ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படும் 16 இலக்க அடையாளம் அது: முதல் நான்கு எழுத்துகள் மாநிலத்தையும் மாவட்டத்தையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் நீதிமன்றத்தையும், அதன்பின் வரும் ஆறு வரிசை எண்ணையும், கடைசி நான்கு ஆண்டையும் குறிக்கும். சம்மன் நகலோ பழைய உத்தரவோ கையில் இருந்தால் முதலில் அதில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

அந்த எண் தெரியாதவர்கள் பெயரைக் கொண்டு தேடப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு ஒரே முறை கிடையாது. முருகேசன் என்ற பெயரின் நடுவில் வருவது 'ஜி'யா 'கே'யா, செந்திலில் வருவது 'டி'யா 'டிஹெச்'சா, இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதெல்லாம் புகாரைத் தட்டச்சு செய்தவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. முழுப் பெயரையும் அடித்துவிட்டு 'பதிவு இல்லை' என்று வந்ததும் நிம்மதியடைந்துவிடக் கூடாது. குறைந்தது மூன்று எழுத்துகள் போதும் என்பதால், பெயரில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதியை மட்டும் கொடுத்து, ஆண்டை மாற்றி மாற்றித் தேட வேண்டும். நிலுவை வழக்குகளை மட்டும் பார்க்காமல் முடிந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போலீஸ் தொடுத்த வழக்குகளில் மனுதாரர் இடத்தில் அரசின் சார்பில் காவல் ஆய்வாளர் இருப்பார். எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், பலர் இருந்தால் பட்டியலில் முதல் எதிரியின் பெயர் மட்டும் தெரியும் என்பதால் வழக்கைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும்.

காவல் நிலையமும் குற்ற எண்ணும் (முதல் தகவல் அறிக்கையின் எண்) தெரிந்தால், முதல் தகவல் அறிக்கை வழியாகத் தேடுவது பெயரைவிட நம்பகமானது. அந்த அறிக்கையையே தமிழ்நாடு காவல் துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம். அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டதால் வந்த வசதி இது. பாலியல் குற்றங்கள், சிறார் மீதான குற்றங்கள், தீவிரவாதம் போன்றவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. காசோலை பணமின்றித் திரும்பிய வழக்குகளோ தனிநபர் நேரடியாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்பவை. அவற்றுக்கு முதல் தகவல் அறிக்கையே இருக்காது. காவல் நிலையத்தில் விசாரித்து 'உங்கள் மேல் ஒன்றுமில்லை' என்று கேட்டுத் திரும்பிய ஒருவர் பேரில் பக்கத்து மாவட்ட நீதிமன்றத்தில் காசோலை வழக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். வீடு மாறியவர்களுக்கு இது சாதாரணமாக நடக்கிறது: சம்மன் பழைய முகவரிக்குப் போகிறது, வாய்தா மேல் வாய்தா போகிறது, கடைசியில் வாரண்ட் பிறக்கிறது. குற்றம் ஜாமீனில் விடத்தக்கதாக இருந்தாலும், ஆஜராகாதவர் மேல் ஜாமீனில் விட முடியாத பிடியாணை வரலாம். சம்மன், ஜாமீனில் விடத்தக்க பிடியாணை, அதன் பிறகே இது என்று படிப்படியாகப் போக வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் அந்தப் பொறுமை எப்போதும் இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

வழக்கு கிடைத்ததும் பலர் அடுத்த வாய்தா தேதியை மட்டும் குறித்துக்கொண்டு பக்கத்தை மூடிவிடுகிறார்கள். கீழே வரும் விசாரணை வரலாறு என்ற அட்டவணைதான் முக்கியமானது. அதில் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே 'சம்மன்', 'எதிரி ஆஜராக', 'என்.பி.டபிள்யூ. நிலுவை' (ஜாமீனில் விட முடியாத பிடியாணை நிலுவை) என்பது போன்ற ஒரு நோக்கம் எழுதியிருக்கும். தேதியின் மேல் தட்டினால் அன்றைய நடவடிக்கைக் குறிப்பு திறக்கும். 'எதிரி வரவில்லை, பிரதிநிதித்துவம் இல்லை, பிடியாணை பிறப்பிக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரே வரியாக இருக்கும் அந்தக் குறிப்பே நீங்கள் தேடி வந்த விடை. அதன் பிந்தைய தேதிகளில் 'ரீகால்' என்ற சொல் வருகிறதா என்றும் பாருங்கள். வந்திருந்தால் அந்தப் பிடியாணை திரும்பப் பெறப்பட்டுவிட்டது. குறிப்பு ஏற்றப்படாமல் வெறும் தேதி மட்டும் இருக்கும் வழக்குகளும் ஏராளம் என்பதால், இணையத்தில் காணவில்லை என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படிப்பட்ட நிலையில் ஒரு வழக்கறிஞரை நீதிமன்றத்துக்கு அனுப்பி வழக்குக் கட்டை (வழக்கின் கோப்பை) பார்க்கச் சொல்வதே பாதுகாப்பு. நீதிபதிக்கு முன் அமர்ந்து வழக்குக் கட்டுகளைக் கவனிக்கும் பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டாலோ, ஒவ்வொரு காவல் நிலையத்தின் சார்பிலும் நீதிமன்றத்துக்கு வரும் கோர்ட் காவலரிடம் விசாரித்தாலோ, வாரண்ட் எந்த நிலையத்துக்குப் போயிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பிடியாணை இருப்பதாகச் சந்தேகம் உள்ளவர் தாமே நேரே காவல் நிலையத்துக்குப் போய்க் கேட்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இருந்தால் அங்கேயே கைது செய்வது அவர்கள் கடமை. வழக்கறிஞரோடு அதே நீதிமன்றத்தில் காலையிலேயே ஆஜராகி, வராமல் போனதற்கான காரணத்தைச் சொல்லி, பிடியாணையைத் திரும்பப் பெறும் மனுவைத் தாக்கல் செய்வதே வழக்கமான நடைமுறை. மருத்துவச் சான்று, முகவரி மாறியதற்கான ஆவணம் போன்றவை கையில் இருந்தால் நீதிபதி கனிவோடு பார்க்க வாய்ப்பு அதிகம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமானம் பார்க்காமலே இலவச உதவிக்குத் தகுதி உள்ளவர்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

இணையத்தில் இறக்கிய உத்தரவு, தகவலுக்கு மட்டுமே. பாஸ்போர்ட் அலுவலகமோ வேலைக்கு எடுக்கும் நிறுவனமோ கேட்பது சான்றிட்ட நகல்; அதற்கு நீதிமன்றத்தின் நகல் பிரிவில் நகல் மனு போட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து நீதிமன்றக் கட்டுகளின் நகலை வாங்கலாம் என்று சிலர் இன்னும் எழுதுகிறார்கள். நீதிமன்றத்தின் சொந்த விதிகள் வழியாகவே அதைப் பெற வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்த்துவிட்டது.

பெண் பார்க்கும் வீடுகளிலும் வாடகைக்கு வீடு விடுகிறவர்களிடமும் அடுத்தவர் பெயரைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. திறந்த ஆவணத்தைப் பார்ப்பதில் சட்ட மீறல் இல்லை. ஆனால் ஒரே மாவட்டத்தில் எத்தனை கார்த்திக்குகள், எத்தனை மகாலட்சுமிகள்! தந்தை பெயர், முகவரி, வயது மூன்றும் பொருந்தாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. வழக்கு இருக்கிறது என்பதற்கும் குற்றம் நிரூபணமானது என்பதற்கும் உள்ள தூரத்தையும் நினைவில் வைக்க வேண்டும். விடுதலையான பிறகும் தீர்ப்பில் உள்ள பெயர் இணையத்தில் நீடிப்பதை எதிர்த்த ஒருவருக்குச் சாதகமாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் உத்தரவிட்டது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் வரும் 'வாரண்ட்'. சி.பி.ஐ., சுங்கத் துறை என்ற பெயர்களில், அசோகச் சின்னத்தோடு ஒரு தாளை அனுப்பி, வீடியோ அழைப்பை விட்டு நகரக் கூடாது என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் ஒன்றும் இல்லை. உண்மையான பிடியாணையில் எந்த ஊர் நீதிமன்றம், எந்த வழக்கு எண் என்பது இருக்கும். அதைக் கொண்டுவரும் காவலர் அதன் சாரத்தைச் சொல்ல வேண்டும், கேட்டால் தாளையே காட்ட வேண்டும் என்கிறது அதே சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. அந்த வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பணம் போய்விட்டிருந்தால் அந்த நேரத்தைக்கூட வீணாக்காமல் முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.