ஒன்றரை மாத ஊசி

கிராம சுகாதாரச் செவிலியரின் கைப்பையில் இருக்கும் நோட்டுகளில் எனக்கு எப்போதும் சங்கடம் தந்தது தகுதியுள்ள தம்பதியர் பதிவேடுதான். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர், கணவர் பெயர், இருவர் வயது, உயிரோடிருக்கும் குழந்தைகள் எத்தனை, கடைசிக் குழந்தையின் வயது என்ன, எந்தக் கருத்தடை முறை என்று கட்டங்கள் போய்க்கொண்டே இருக்கும். "ஏதும் விசேஷமா?" என்று ஊரே கேட்கும் கேள்வியை நான் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்டுவந்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். பெற்றுக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கடல் ஓரத்தில், ஆண்கள் வலைக்கும் பெண்கள் கடல்பாசி எடுக்கவும் போகிற ஓர் ஊரில் இருந்த எனது துணை சுகாதார நிலையத்தில், அப்படி ஒரு பெண்ணை எழுத வேண்டி வந்தது.

அதற்கு முன்பு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பெண்டாவேலண்ட் ஊசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும்தான் முதலில் வந்தது. ஒன்றரை மாத ஊசி என்று ஊரில் சொல்வார்கள். 2013-இல் ஒரு புதன்கிழமை, அந்தப் பெண் பிறந்த வீட்டின் மூத்த மகளுடைய ஆண் குழந்தைக்கு இடது தொடையில் அந்த ஊசியைப் போட்டேன். லேசான வீக்கமும் காய்ச்சலும் வரும், பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுங்கள் என்று வழக்கம்போலச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் விடியற்காலையில் குழந்தையின் பாட்டி என் வீட்டு வாசலில் நின்றார். துணியை விலக்கினால், தொடை இரண்டு மடங்காகி, கல்லைப் போல இறுகி, நாவல்பழ நிறத்தில் இருந்தது. ராமநாதபுரத்துக்கும் அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுபோனார்கள். பரிசோதனையில் ஹீமோபிலியா ஏ என்றும், ரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றும் வந்தது. அதுவரை நான் ஊசியைத் தவறாகப் போட்டுவிட்டதாகத்தான் ஊர் பேசியது. அதன்பிறகும் சில வாரங்கள் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரத் தயங்கினார்கள்.

ஊசி போட்டதில் தவறில்லை. தவறு வேறிடத்தில் இருந்தது. குழந்தையின் தாய்மாமன் அதே வீட்டுத் திண்ணையில்தான் இருந்தார். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். வலது முழங்கால் மடங்கியபடியே நின்றுபோய், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்வார். காதுகுத்தில் நான்கு நாள் ரத்தம் நிற்கவில்லை என்றும், பால்பல் விழுந்தபோதெல்லாம் தலையணை நனைந்தது என்றும், முட்டியில் வாதநீர் இறங்கியதாகச் சொல்லி வைத்தியர் பற்றுப் போட்டார் என்றும் அவருடைய அம்மா கதை கதையாகச் சொல்வதை நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறைகூட அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே நோய் என்பது ஒரே வாரத்தில் தெரிந்தது. அன்றிலிருந்து முதல் ஊசிக்கு வரும் எந்தத் தாயையும், "உங்க பிறந்த வீட்டு ஆம்பளைகள் யாருக்காவது ரத்தம் நிற்காமப் போனதுண்டா?" என்று கேட்காமல் விட்டதில்லை.

நோயின் வழியை அந்த வீட்டுக்கு விளக்கும் வேலை என்மேல் விழுந்தது. எக்ஸ் குரோமோசோமில் வரும் கோளாறு இது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது கோளாறானால் நோய் வந்துவிடும். பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் பெரும்பாலும் மற்றொன்று காப்பாற்றிவிடும், ஆனால் கோளாற்றை அவள் சுமந்து பிள்ளைக்குக் கொடுக்கலாம். மருத்துவமனையில் அவளைக் கேரியர் என்று சொன்னார்கள். "கேரியர்னா என்ன நர்ஸம்மா, சோத்துத் தூக்கா?" என்று பாட்டி கேட்டார். சிரித்துவிட்டுப் பிறகு யோசித்தால், அதைவிட நல்ல விளக்கம் எனக்கும் கிடைக்கவில்லை. தூக்குக்குத் தன் உள்ளே இருப்பதன் ருசி தெரியாது.

கடினமாக இருந்தது கணக்குதான். அப்படிச் சுமக்கும் பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரச் சரிபாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் சுமப்பவளாக இருக்கவும் சரிபாதி வாய்ப்பு. இதைக் கேட்டவுடன், "ஒருத்தனுக்கு வந்திடுச்சு, அப்ப அடுத்தவனுக்கு வராது" என்று எல்லோரும் பங்கு பிரித்துவிடுவார்கள். சோழியை வைத்துத்தான் புரியவைத்தேன். முதல் தடவை மல்லாந்து விழுந்தது என்பதற்காக இரண்டாம் தடவை அது குப்புற விழ வேண்டும் என்று கட்டாயமில்லை. நோயுள்ள ஆணின் கணக்கோ தலைகீழ். நோய் இல்லாத குடும்பத்துப் பெண்ணை அவர் கட்டினால் மகன்கள் அத்தனை பேரும் தப்பிவிடுவார்கள், மகள்கள் அத்தனை பேரும் சுமப்பார்கள். ஆக ஒரே வீட்டில் மகள் பெண்பிள்ளைக்கு வேண்டிக்கொள்ள, மகன் ஆண்பிள்ளைக்கு வேண்டிக்கொள்ளும் விசித்திரம் இந்த நோயில் உண்டு. மூத்தவளின் மகளையே தாய்மாமனுக்கு முடித்துவிடலாம், சொத்தும் வெளியே போகாது, குறை தெரிந்த பெண்ணாகவும் இருக்கும் என்று பாட்டிக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்தப் பெண்ணும் சுமப்பவளாக இருக்கப் பாதி வாய்ப்பு, அப்படி இருந்துவிட்டால் அவர்களுக்குப் பிறக்கும் பெண்பிள்ளைகளுக்கே நோய் வரலாம் என்று சொன்னேன். நான் முடிப்பதற்குள் தாய்மாமனே அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார்.

இளைய மகளுக்கு 2021-இல் கல்யாணமானது. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, மாமியாரோடு பாசிக்குப் போனாள். பாறையும் சிப்பியும் கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் பெண்கள் இறங்குவார்கள், இருந்தும் கீறல் படும். மற்றவர்களுக்குக் கரையேறும்முன் நின்றுவிடும் ரத்தம் இவளுக்கு மாலைவரை கசிந்தது. மாதவிலக்கும் எட்டு ஒன்பது நாள் நீளும். சுமக்கும் பெண்களிலேயே சிலருக்குக் காரணி குறைவாக இருக்கும் என்பதை அவளைப் பார்த்துத்தான் நான் நேரில் கற்றேன். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப் போன ஒரு நாள், மாமியார் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, பிள்ளை பெத்துக்கலாமா நான்?"

இதே கேள்விக்கு ஒரு மருத்துவமனையில் அவளுடைய அக்காவுக்குக் கிடைத்த பதில், "அடுத்தது வேண்டாம், போய் ஆபரேஷன் பண்ணிக்கோ" என்பது. எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடில்லை. எனக்கென்று வேறொரு பதிலும் இல்லை. தெரிந்ததை மட்டும் சொன்னேன். முதலில் நீ சுமப்பவளா என்று பார்க்கலாம். ஆம் என்றால், கருவுற்ற பதினொன்றாம் வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துப் பிள்ளைக்கு உண்டா என்று சோதிக்கலாம், வேலூர் சிஎம்சியில் செய்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கே நாக்கு இடறியது. ஆணா பெண்ணா என்று பார்ப்பது குற்றம் என்று வருடக்கணக்காக வீடு வீடாகச் சொன்ன வாய் அது. பாலினத்தோடு பிணைந்த பரம்பரை நோய்களைக் கருவில் சோதிக்க அதே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது என்பதையும், அப்போதும் பாலினத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதையும் நிதானமாக விளக்க வேண்டியிருந்தது.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. குடும்பத்தில் மரபணு எந்த இடத்தில் பிசகியிருக்கிறது என்று தெரிந்தால்தான் இவளிடம் அதைத் தேட முடியும். அதற்கு நோயுள்ள ஒருவரின் ரத்தம் வேண்டும். அக்கா மகனைக் கொண்டுவர அக்கா சம்மதிக்கவில்லை. மிஞ்சியது அண்ணன். "அவரை மாதிரி ஒரு பிள்ளை வேண்டாம்னு பார்க்கிறதுக்கு அவர்கிட்டயே ரத்தம் கேட்கவா?" என்று அவள் அழுதாள். மூன்று மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன்.

அவர் உடனே சரி என்றார். ராமநாதபுரத்தில் பரிசோதனைக்கூடத்துக்கு நானும் கூடப் போனேன். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து முடித்ததும், கூடத்துப் பையன் கொடுத்த பஞ்சைத் தானே வாங்கி முழங்கை மடிப்பில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம் ஆகும், உட்காருங்க நர்ஸம்மா" என்றார். விரலை அவர் ஒரு முறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. ஏழாவது நிமிடத்திலோ என்னவோ, "வருத்தமான்னு கேட்காதீங்க, இருக்கத்தான் செய்யுது. அதுக்காக அவ பார்க்காம இருக்கணுமா? ஒண்ணு மட்டும் சொல்லுங்க அவகிட்ட. என் காலை மட்டும் பார்த்து முடிவு பண்ண வேண்டாம், அக்கா மகன் காலையும் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

இதை நான் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. அவருடைய சிறுவயதில் முட்டி வீங்கினால் பற்றும் படுக்கையும்தான். அக்கா மகனுக்கோ நோய் தெரிந்த நாளிலிருந்து, குறையும் காரணியை ஈடுகட்டும் ஃபேக்டர் ஊசி அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்தது. அவன் சைக்கிள் ஓட்டுகிறான், பள்ளி ஓட்டப்பந்தயத்தில் மட்டும் உட்கார்ந்து பார்க்கிறான். நோய் ஒன்றுதான், முழங்கால்கள் இரண்டும் வேறு. 2024 கடைசியில், வேலூரில் ஐந்து பேருக்குச் செய்த மரபணு சிகிச்சைக்குப் பிறகு அவர்களுக்கு ரத்தக் கசிவு இல்லை என்ற செய்தி வந்தபோது, பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு நிலையத்துக்கே வந்துவிட்டார். ஐந்து பேர் செய்தியை நம்பிப் பிள்ளை பெறச் சொல்ல முடியாது என்றேன். "தெரியும், சும்மா காட்டினேன்" என்றார்.

தங்கை சுமப்பவள் என்றே முடிவு வந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் கேள்வியை நிறுத்திக்கொண்டேன். பதிவேட்டில் அவளுடைய வரிசையை நிரப்பாமல் விட்டதற்கு மாதக் கூட்டத்தில் இரண்டு முறை பேச்சு வாங்கினேன். போன வருடம் ஐப்பசி மழையில் அவள் தானாகவே வந்து கர்ப்பத்தைப் பதிவு செய்தாள். வேலூருக்குப் போனாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதத்தில் தாய்சேய் அட்டையை நீட்டி, "பிரசவத்துல ஆயுதம் போட்டு எடுக்கக் கூடாதுன்னு பெருசா எழுதுங்க அக்கா" என்றாள். பிள்ளைக்கு நோய் உண்டா என்று தெரியாதவளின் முன்னெச்சரிக்கை அது. அப்போதுதான் அவள் வேலூருக்குப் போகவில்லை என்று எனக்குப் புரிந்தது.

சிவப்பு மையில் எழுதினேன். ஆயுதமோ, உறிஞ்சி இழுக்கும் வேக்குவமோ வேண்டாம். ஆண் குழந்தையானால் தொப்புள்கொடி ரத்தத்தை எட்டாம் காரணிச் சோதனைக்கு அனுப்பவும். முடிவு வரும்வரை தசையில் எந்த ஊசியும் போடுமுன் மருத்துவரைக் கேட்கவும். அட்டையை வாங்கி ஒரு முறை படித்துவிட்டு, "ஒன்றரை மாத ஊசியை விட்டுட்டீங்களே" என்று திருப்பிக் கொடுத்தாள். அதையும் கடைசி வரியில் சேர்த்தேன்.