கருகின சுருளில் படித்த பாடம்

எனக்கு மின்சாரம் சொல்லிக்கொடுத்தது எந்த வாத்தியாரும் இல்லை, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய மிக்சி மோட்டார்கள்தான். சுருளை எண்ணி எண்ணிப் பிரித்து நோட்டில் குறித்து, திரும்பச் சுற்றுவேன். "இந்தக் குப்பையை எப்பப்பா தூக்கிப் போடுவ?" என்பார் அம்மா.

அப்புறம் சேலத்தில் ஒரு ரீவைண்டிங் கடையில் (கருகின மோட்டாருக்குப் புதுச் சுருள் சுற்றும் கடை) எடுபிடி வேலை. மோட்டார் செத்த காரணத்தைச் சுருளே சொல்லும் என்று அங்கேதான் தெரிந்தது. எல்லாச் சுருளும் ஒரே சீராகக் கருத்திருந்தால் பெரும்பாலும் ஓவர்லோடு. மூன்று பேஸில் (மூன்று கம்பிகளில் வரும் மின்சாரத்தில்) ஓடும் ஸ்டார் இணைப்பு மோட்டாரில், அதாவது மூன்று சுருள்களின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்திருக்கும் மோட்டாரில், இரண்டு பேஸ் சுருள்கள் மட்டும் கரியாகி மூன்றாவது புதுசு மாதிரி மின்னினால், ஒரு பேஸ் போன பிறகும் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சுற்றிலும் ஜவ்வரிசி ஆலைகள். ஜவ்வரிசி செய்கிற மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓட ஆரம்பித்துவிடும், அதனால் மோட்டார் நின்றால் முதலாளிக்குத் தூக்கம் போச்சு. பழுது பார்க்கும் வரை மாற்று மோட்டாரை வாடகைக்குக் கொடுத்தேன். நிஜமான காசு அதில்தான், ரீவைண்டிங்கில் இல்லை. கூடவே பேஸ் போனால் தானே நிறுத்தும் பேனல்களும் விற்றேன் (ரீவைண்டிங் வருமானத்தில் நானே மண் போட்டுக்கொள்வதாக நண்பர்கள் சிரித்தார்கள்).

ஆனால் ஆலைக்காரர்களிடம் வசூல் என்பது தனிக் கலை. ஆலைகளின் ஜவ்வரிசியை விற்றுக்கொடுக்க 1981-இல் உருவான சாகோசர்வ் கூட்டுறவின் டெண்டரில் சரக்கு விலைபோன பிறகுதான் பலரும் பையைத் திறப்பார்கள், அதுவரை டீ மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அதனால்தான் இப்போது கொலுசுப் பட்டறைகளுக்குச் சின்ன பாலிஷ் மோட்டார்களும் செய்கிறோம். லாபம் கம்மி, ஆனால் கையில் காசு.