வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டும்

கேம் அனிமேட்டர் வேலைக்கு நான் இரண்டு ஆர்ட் டெஸ்ட் செய்தேன். வேலைக்கு எடுக்கும் முன் செய்துகாட்டச் சொல்லும் மாதிரி வேலைதான் ஆர்ட் டெஸ்ட். முதலாவதில் ஏன் ஊத்திக்கொண்டது என்று புரியவே மூன்று மாதம் பிடித்தது.

அதற்கு முன் குறும்படங்களுக்கு அனிமேஷன் செய்துகொண்டிருந்தேன். வரையத் தெரியும், அனிமேஷன் மென்பொருள்களில் பிளெண்டர் நன்றாகவே தெரியும், மாயா ஓரளவு. கேமிலும் கேரக்டர் நடக்கிறது, ஓடுகிறது, சண்டை போடுகிறது. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்ற நினைப்பு. செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் வீடியோவான டெமோ ரீலை மூன்று நிமிஷத்துக்கு இழுத்திருந்தேன். படிக்கிற காலத்தில் செய்த துள்ளும் பந்துகூட அதில் இருந்தது.

எப்படியோ ஓர் இடத்திலிருந்து டெஸ்ட் வந்தது. ரிக், அதாவது அசைக்கத் தயாராக எலும்புக்கூடு பொருத்திய கேரக்டர், அவர்களே கொடுத்தார்கள். நிற்பது, ஓடுவது, வாளால் ஒரு வெட்டு. ஒரு வாரம் அவகாசம், பணம் கிடையாது. (இப்போது யாராவது ஒரு வாரத்து வேலையை இலவசமாகக் கேட்டால் இரண்டு முறை யோசிப்பேன்.)

வெட்டுக்குத்தான் உயிரைக் கொடுத்தேன். இடுப்பை முறுக்கி, வாளைத் தோளுக்குப் பின்னால் ஓங்கி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு வீச்சு. ஓங்குவதற்கு மட்டும் 12 பிரேம், அதாவது அடுத்தடுத்து ஓடும் 12 படங்கள். வந்த பதில் ஒரே வரி: பார்க்க நன்றாக இருக்கிறது, விளையாட முடியாது.

கடுப்பில் சில வாரம் அந்த ஃபைலையே திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் அதை யூனிட்டி என்கிற கேம் இன்ஜினில் (கேமை உருவாக்கி ஓட்டும் மென்பொருளில்) போட்டு, ஒரு பட்டனோடு இணைத்து, நானே அழுத்திப் பார்த்தேன். சினிமா கணக்கில் நொடிக்கு 24 பிரேம். அப்படியானால் 12 பிரேம் அரை நொடி. அழுத்திய விரல் அரை நொடி சும்மா கிடக்கிறது. அதற்குள் எதிரி அடித்துவிட்டுப் போய்விடுவான். படம் பார்க்கிறவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது, அதனால் காத்திருப்பார். விளையாடுகிறவருக்குத் தெரியும். வெட்டச் சொன்னதே அவர்தானே!

ஓங்குவதை 3 பிரேமுக்குக் குறைத்தேன். உடனே வாளின் கனம் போய்விட்டது, ஈர்க்குச்சியை வீசுகிற மாதிரி இருந்தது. பல நாள் முட்டி மோதிய பிறகு கனத்தை வெட்டுக்குப் பின்னால் கொண்டுபோனேன். வாள் தரைப் பக்கம் இழுக்கும், தோள் கூடவே போகும், ஒரு கால் தள்ளாடி ஊன்றும், அப்புறம் நிமிர்வது. விளையாடுகிறவர் நடுவிலேயே விட்டுவிட்டு ஓட நினைத்தால் அதற்கும் வழி வேண்டும். எந்தப் பிரேமிலிருந்து ஓடலாம் என்று குறித்துக் கொடுக்க வேண்டியது அனிமேட்டர்தான். எதிரிக்கோ எல்லாம் தலைகீழ். அவன் ஓங்குவது நன்றாகத் தெரிந்தால்தான் நாம் விலக முடியும். என் பழைய 12 பிரேமை எடுத்து எதிரிக்கு மாட்டிவிட்டேன், கச்சிதமாகப் பொருந்தியது.

துடைப்பத்தை வாளாகப் பிடித்து என்னையே வீடியோ எடுத்துப் பார்த்துத்தான் இதெல்லாம் செய்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் 1989-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்காக ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம்பிடித்து, அதைப் பார்த்துத்தான் அசைவுகளை வரைந்தார். அதை நினைத்துத் தேற்றிக்கொண்டேன்.

ஓட்டத்தில் வேறு வம்பு. திரும்பத் திரும்ப ஓடும் என் லூப்பில் முதல் பிரேமும் கடைசிப் பிரேமும் ஒன்றே. இரண்டுமே ஓடியதால் சுற்றுக்கு ஒரு முறை விக்கல் எடுத்தது. கடைசிப் பிரேமை விட்டுவிட்டதும் அது சரியானது. கால் வழுக்கியதற்குக் கணக்குப் போட வேண்டியிருந்தது. இங்கே நொடிக்கு 30 பிரேம் வேகத்தில் 20 பிரேம் சுற்று, அதில் கால்கள் கடக்கும் தூரம் 3 மீட்டர். அப்படியானால் கேரக்டர் நொடிக்கு 4.5 மீட்டர் நகர வேண்டும். நான் 6 என்று வைத்திருந்தேன். பனிக்கட்டிமேல் ஓடுகிற மாதிரி இல்லாமல் எப்படி இருக்கும்?

அடுத்த ரீல் ஐம்பது நொடிதான். பந்து போயிற்று. பட்டன் அழுத்துவதும் கேரக்டர் அசைவதும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி இன்ஜினுக்குள்ளேயே பதிவு செய்தேன். வேறோர் இடத்தில் டெஸ்ட் வந்தது, வேலையும் கிடைத்தது. நேர்காணலில் ரீலின் அழகைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த 3 பிரேமைப் பற்றித்தான் கேள்வி.

வேலை கிடைத்த பின்னால் செய்ததை ரீலில் சேர்க்கலாம் என்றால், கேம் வெளியாகும்வரை வெளியில் காட்டக் கூடாது என்று ஒப்பந்தம். நான் ஒன்றரை வருஷம் உழைத்த முதல் கேம் பாதியில் கைவிடப்பட்டது. அந்த ஒன்றரை வருஷத்துக்கு என்னிடம் காட்ட ஒரு பிரேம்கூட இல்லை.

அங்கே எனக்குக் கொடுத்த முதல் வேலை, கேரக்டர் ஒரு கதவைத் திறப்பது. ஒரு நாளில் முடியும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கேரக்டர் எந்தக் கோணத்திலிருந்து வந்தாலும் கை கைப்பிடியில் பட வேண்டும். இழுக்கிற கதவென்றால் அது திறக்கிற வழியில் ஆள் நிற்கக் கூடாது. கையில் வாள் இருந்தால் அதை எங்கே வைப்பது? இரண்டு வாரம் ஆனது. கடைசியில் கேம் டிசைனர் வந்து பார்த்துவிட்டு, அந்த இடத்தில் கதவே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்.