சொரியாசிஸ் ஒட்டாது

நாகர்கோவில் பஸ். தக்கலையில் ஏறிய அக்கா, சீட்டு காலியாக இருந்தும் உட்காரவில்லை.

பக்கத்து சீட்டுப் பையனின் முழங்கையில் வெள்ளைச் செதில் படிந்த சிவந்த திட்டு. அவன் சட்டைக் கையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தான்.

மனசு கேட்கவில்லை. போய் உட்கார்ந்தேன்.

அது சொரியாசிஸ் என்ற தோல் நோய். தொற்றாது. தொட்டாலும் சரி, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் சரி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறுவதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்க வேண்டிய தோல் சில நாட்களிலேயே வளர்ந்து குவிகிறது. அவ்வளவுதான்.

களிம்பு, ஒளிச் சிகிச்சை, மாத்திரை, ஊசி என்று கட்டுக்குள் வைக்க வழிகள் உண்டு. யாருக்கு எது என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நிறுத்தியதும் நோய் சீறிக்கொண்டு வரலாம். அப்புறம், காலையில் விரல் மூட்டு விறைத்து வலித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இது மூட்டையும் தாக்கும்.