சேமிப்பு இல்லாத தொழில்

சர்வதேசப் போட்டிகளில் இறகுப்பந்து ஆடியவன் என்று தெரிந்ததும் எல்லோரும் ஸ்மாஷ் எனும் ஓங்கிய அடியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டியின் மணிக்கு 565 கிலோமீட்டர் வேக ஸ்மாஷ் 2023-இல் கின்னஸ் சாதனையான பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. ஒற்றையர் ஆட்டக்காரனாக இருந்த காலத்தில், எதிராளியின் ஸ்மாஷைவிட அரங்கின் காற்றைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன்.

ஷட்டில் எனும் இறகுப்பந்தில் 16 இறகுகள், எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை. குளிர்சாதனக் காற்று அதைத் தள்ளினால், ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து அடிப்பது எல்லைக்கோட்டைத் தாண்டிப் போகும். மறுமுனையிலிருந்து அதே வலுவில் அடித்தால் பாதியிலேயே தொய்ந்து எதிராளியின் மட்டைக்கு விருந்தாகும். போட்டிக்கு முன் அரங்கில் பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். அதில் பலர் ஸ்மாஷ் அடித்துக் கையைச் சூடேற்றுவார்கள். நான் இரு முனைகளிலிருந்தும் உயரமாகத் தூக்கி அடித்து, எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வேகமான பக்கம் என்றால் கோட்டுக்கு இரண்டடி முன்பே குறிவைத்து, ஆட்டத்தை வலையோரத்துக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். மெதுவான பக்கத்தில் தோள் எவ்வளவு வலித்தாலும் முழு வலுவுடன் அடித்தாக வேண்டும். பக்கத்து ஆடுகளத்துக்கு மாற்றிவிட்டால் இந்தக் கணிப்பும் செல்லாது.

டாஸ் வென்றால் கஷ்டமான பக்கத்தையே முதலில் எடுப்பேன். மூன்றாவதும் கடைசியுமான கேமில் ஒருவர் 11 புள்ளியைத் தொட்டதும் பக்கம் மாறும். கால்கள் கெஞ்சும் அந்தக் கடைசிப் பகுதியில் நல்ல பக்கம் நம்முடையதாக இருக்கும். (முதல் இரண்டு கேம்களிலேயே தோற்றுவிட்டால் இந்தச் சாமர்த்தியமெல்லாம் வீண் என்பது வேறு விஷயம்.)

அரங்கைப் பற்றிக் கற்றது அந்த வாரத்தோடு சரி. தரவரிசைப் புள்ளிகளுக்கு ஆயுள் கொஞ்சம் அதிகம்: 52 வாரங்கள். அதற்குள் ஆடிய போட்டிகளில் சிறந்த 10 முடிவுகள் மட்டுமே கணக்கில் சேரும். சென்ற ஆண்டு ஒரு போட்டியில் காலிறுதிக்குப் போயிருந்தால், ஓராண்டு கழிந்ததும் அந்தப் புள்ளிகள் போய்விடும். ஆட்டம் துளியும் மோசமாகாமலேயே கீழே இறங்கலாம். சூப்பர் 1000 எனும் மேல்நிலைப் போட்டியில் 32 பேரில் ஒருவராக இறங்கி முதல் சுற்றிலேயே தோற்பவருக்கு 3,000 புள்ளிகள். இண்டர்நேஷனல் சீரீஸ் எனும் கீழ்நிலைப் போட்டியில் வாரம் முழுக்க வென்று கோப்பையை வாங்குபவருக்கு 2,500. அந்த 32-க்குள் நுழைவதுதான் கடினம், அதற்குத்தான் இந்த மதிப்பு என்பார்கள். வாதம் புரிகிறது; ஆனாலும் அதை நியாயம் என்று இன்றுவரை நான் ஒப்புக்கொண்டதில்லை.

நடுத்தரத்தில் இருப்பவர்களின் வாழ்க்கை காத்திருப்போர் பட்டியலில் கழிகிறது. மேலே யாராவது விலகினால் இடம் கிடைக்கும். முன்பின் பார்த்திராத ஒருவரின் கணுக்கால் பிசகிய செய்தி நல்ல செய்தியாக வந்து சேரும் தொழில் இது. உடனே விமான டிக்கெட் எடுக்க வேண்டும். கடைசி நேர விலையில் எடுத்த டிக்கெட்டுக்குப் பரிசுத்தொகை ஈடாவது அபூர்வம்.

உடம்பும் ஒருதலைப்பட்சமாகத்தான் தேய்கிறது. மட்டை பிடிக்கும் பக்கத்துக் கால்தான் பெரும்பாலான பாய்ச்சல்களில் பாரத்தை வாங்குகிறது. என் வலது தொடை இடதைவிடப் பருத்திருக்கும். கால்சட்டை வாங்கும்போது அதன் அளவுக்குத்தான் பார்க்க வேண்டும். ஸ்பெயின் வீராங்கனை கரோலினா மரின் இரண்டு முழங்கால்களிலும் தசைநார் கிழிந்து மீண்டு வந்தவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முதல் கேமை வென்று, இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தபோது மறுபடியும் முழங்கால் போயிற்று. அந்தக் காட்சியை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை.

நான் ஓய்வு பெறுவதை முறைப்படி அறிவிக்கவில்லை. அறிவிக்கும் அளவுக்குப் பெயரும் இல்லை. அதனால் பழைய முடிவுகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும் வரை தரவரிசைப் பட்டியலில் என் பெயர் இறங்கிக்கொண்டே இருந்தது. இடையில் சில வாரங்கள் மட்டையைத் தொடாமலேயே ஓரிரு இடங்கள் ஏறியும் இருக்கிறேன். எனக்கு மேலே இருந்த யாரோ சிலரின் புள்ளிகள் என்னுடையதற்கு முன்பே கழிந்துபோன வாரங்கள் அவை.