மூன்று மணி ஏழு நிமிடம் ஓடிய கேமரா

மும்பையின் செம்பூர் ஸ்டேஷனில் ஹார்பர் லைன் வண்டிக்கு இரண்டே திசைதான். ஒரு பக்கம் சிஎஸ்எம்டி, மறுபக்கம் பன்வேல். ஜூன் கடைசிச் சனிக்கிழமை சிஎஸ்எம்டி வண்டியில் போய் ஒரு பழைய கேமரா வாங்கினேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பன்வேல் வண்டியில் போய் அதை மழையில் நனைத்தேன். இந்தக் கட்டுரையில் நடந்தது அவ்வளவுதான். ஆனால் நடுவில் ஒரு அண்ணாச்சி வருகிறார்.

முதலில் பழைய காயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு ஒருவரிடம் நேரடியாக ஒரு நிக்கான் வாங்கினேன். வெறும் ஒன்பதாயிரம் கிளிக், அதாவது அதுவரை எடுத்த படம் அவ்வளவுதான். பெட்டி இருந்தது, பில் இருந்தது, தோள்பட்டை வார்கூடப் பிரிக்காமல் கவரில் கிடந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரியின் ருசியிலேயே சரி சொல்லிவிட்டு வருவார்களே, அப்படி வாங்கி வந்தேன். மூன்று மாதத்தில் வியூஃபைண்டருக்குள் சிலந்தி நூல் மாதிரி ஏதோ படர்ந்தது. கூட வந்த லென்ஸிலும் அதே நூல். பூஞ்சை. அந்தக் கேமரா நான்கு மழைக்காலத்தை மர பீரோவுக்குள் துணியில் சுற்றிக் கழித்திருக்கிறது. ஜூலை வந்தால் தோல் செருப்பே பச்சை பிடிக்கிற ஊர் இது. அதை நான் யோசிக்கவில்லை, கிளிக் எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன்.

இந்த முறை ஏன் அவசரம் என்றால், ஒரு பறவைக்காக. தென்மேற்குப் பருவமழையோடு கொங்கணத்துக்கு வந்து கூடு வைக்கும் ஒரு குட்டி மீன்கொத்தி. காலில் மூன்றே விரல். அலகு முதல் வால்வரை 13 சென்டிமீட்டர்தான். ஆரஞ்சு, மஞ்சள், ஊதா என்று ஹோலி முடிந்து குளிக்காமல் வந்த மாதிரி இருக்கும். பன்வேல் தாண்டி கர்னாலா சரணாலயத்தில் ஓடைக் கரையின் மண்சுவரைக் குடைந்து முட்டையிடும். அது வரும் மாதங்களில்தான் அந்தக் காட்டில் வெளிச்சமே இருக்காது. மேலே மேகம், கீழே இலை, நடுவில் மழை. போன வருடம் என் பழைய கேமராவில் வெளிச்ச உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200க்கு மேல் ஏற்றினாலே படத்தில் ரவை உப்புமா கிண்டிய மாதிரி இரைச்சல். இருட்டில் ஃபோகஸும் முன்னும் பின்னும் அலைந்து, ஓய்ந்து நின்றுவிடும்.

கையில் ஒரு நல்ல லென்ஸ் இருந்தது: நிக்கான் 300 எம்எம் எஃப்/4, 2015-இல் வந்த பிஎஃப் வகை. எடை 755 கிராம்தான். அதைத் தவணையில் புதிதாகவே வாங்கியிருந்தேன். காசு குறைவாக இருந்தால் முதலில் லென்ஸ் கண்ணாடிக்குக் கொடுக்க வேண்டும், கேமரா பெட்டிக்கு அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. எஃப்/5.6 லென்ஸிலிருந்து எஃப்/4க்கு வந்தால் உள்ளே வரும் வெளிச்சம் இரண்டு மடங்கு. படம் பதியும் எந்த சென்சாரும் அதை இலவசமாகத் தராது.

சிஎஸ்எம்டி வண்டியில் ஏறும்போது மனதில் டி4தான் இருந்தது. 2012-இல் நிக்கான் கொண்டுவந்த பெரிய தொழில்முறைப் பெட்டி. பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவுக்குப் பெரிய முழு ஃபிரேம் சென்சார், 16.2 மெகாபிக்சல், ஷட்டருக்கு நான்கு லட்சம் கிளிக் ஆயுள் என்று நிறுவனமே சொன்ன வகை. ஒரு காலத்தில் பத்திரிகைப் படக்காரர்கள் கையில் பார்த்துப் பெருமூச்சு விட்டது. இப்போது பழையது நம் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கிறது. சிவ்ரி வந்ததும் பழக்கதோஷத்தில் கிழக்கே எட்டிப் பார்த்தேன். ஜூன் கடைசியில் பூநாரை எங்கே இருக்கும், சேறுதான் இருந்தது.

சிஎஸ்எம்டியில் இறங்கி எதிர்ப்பக்கம் கடந்தால் போரா பஜார் தெரு. பம்பாயில் படம் எடுக்கிற யாரும் ஒரு முறையாவது இங்கே வந்து பேரம் பேசியிருப்பார்கள். ட்ரைபாடுகள் முருங்கைக்காய்க் கட்டு மாதிரி வாசலில் தொங்கும். பைகள், ஃபில்டர்கள், ஃபிளாஷ்கள், எந்தக் காலத்துப் பெட்டிக்கோ ஆன பேட்டரி மூடிகள். குடையோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஏறித்தான் ஆகவேண்டும். ஏறினால் ஏதாவது வாங்காமல் இறங்க முடியாது.

நான் நேராகக் கடைக்குப் போகவில்லை. பக்கத்துச் சந்தில் மரப்படி ஏறி இரண்டாவது மாடி. அங்கே ஆலங்குளத்துக்கார அண்ணாச்சி ஒருவர் ஒற்றை மேசையில் கேமரா பழுது பார்க்கிறார். சேடா நகர் முருகன் கோயிலில் பழக்கம். முப்பது வருடமாக ஷட்டரையும் கண்ணாடியையும் கழற்றிப் பூட்டும் கை.

"டி4 வாங்கப் போறேன் அண்ணாச்சி."

"எதுக்கு?"

"இருட்டுல குருவி எடுக்க. முழு ஃபிரேம்னா சென்சார் பெருசு, இரைச்சல் கம்மி."

அவர் கண்ணிலிருந்து லூப் எனும் உருப்பெருக்கியை எடுத்தார். "சென்சார்தான தம்பி பெருசு? குருவி பெருசாயிருமா?"

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரே லென்ஸ், ஒரே தூரம். 13 சென்டிமீட்டர் பறவை முழு ஃபிரேமின் நடுவில் ஒரு பொட்டாக விழும். அதைப் பெரிதாக்க ஓரத்தை எல்லாம் வெட்டியாக வேண்டும். டி4 படத்தை டிஎக்ஸ் எனும் சின்ன சென்சார் அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது ஏழு மெகாபிக்சலுக்கும் குறைவு. முழு ஃபிரேம் சென்சாரின் பரப்பு டிஎக்ஸைப்போல இரண்டே கால் மடங்கு, உண்மைதான். ஆனால் வெட்டி எறிகிற பகுதியில் விழுந்த வெளிச்சமும் குப்பைக்குத்தானே போகிறது? பறவைமேல் பட்டு லென்ஸ் வழியாக வந்த வெளிச்சம் இரண்டிலும் ஒன்றுதான். யானையையோ, ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் புலியையோ எடுக்கிறவனுக்கு, ஃபிரேமை நிரப்ப முடிந்தவனுக்கு, முழு ஃபிரேம் அமிர்தம். தூரத்தை இன்னும் கிட்டே இழுக்கும் 600 எம்எம் எஃப்/4 லென்ஸ் வைத்திருக்கிறவனுக்கும்தான். எனக்கு இல்லை.

"டி500 பாரு," என்றார். 2016-இல் டி5 உடன் அறிவித்தது. சின்ன சென்சார், 20.9 மெகாபிக்சல். ஆனால் ஃபோகஸ் இயந்திரம் பெரிய அண்ணன் டி5 உடையதே: 153 புள்ளிகள், மையப் புள்ளி இவி என்ற வெளிச்ச அளவில் மைனஸ் 4 வரை வேலை செய்யும். ஏறக்குறைய நிலா வெளிச்சத்தில் ஃபோகஸ் பிடிப்பது. டி4க்கு அது மைனஸ் 2 வரைதான். இருட்டுப் படத்துக்கு ஐஎஸ்ஓ எண்ணைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். இரைச்சலைப் பிறகு மென்பொருளில் ஓரளவு துடைக்கலாம், தவறிய ஃபோகஸை எதை வைத்துத் துடைப்பது?

இருட்டு, காட்டு விலங்கு என்றாலே மும்பைக்காரர்களுக்கு நகருக்குள்ளேயே காடாகக் கிடக்கும் ஆரேயின் சிறுத்தைதான் நினைவுக்கு வரும். அங்கே வார்லி பழங்குடிக் குடியிருப்புச் சந்து ஒன்றில் நடந்து வந்த சிறுத்தையை எடுத்து நயன் கனோல்கர் 2016-இல் உலக அளவில் பரிசு வாங்கினார். அது கேமராவை ஓரிடத்தில் பொருத்திவிட்டுக் காத்திருக்கும் வேறு வித்தை. அதில் வெளிச்சமும் நாமே வைப்பது. கூட்டுக்குப் போகிற மீன்கொத்தியிடம் ஃபிளாஷ் அடிக்க எனக்கு மனம் வராது.

அண்ணாச்சியும் சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தார். கடையில் இரண்டு டி500 இருந்தன. சேட் முதலில் எடுத்து வைத்தது பளபள. "டாக்டர் சாப் கேமரா, பதினாலாயிரம் கிளிக்தான்," விலை 72,000. இரண்டாவது மூலையில் கிடந்தது. பிடிமான ரப்பர் ஓரம் தூக்கிக்கொண்டு, ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் பெயின்ட் போய் உலோகம் தெரிந்தது. 54,000. ஆசாத் மைதானத்தில் கிரிக்கெட் எடுத்தவருடையதாம்.

என் எஸ்டி கார்டைப் போட்டு இரண்டிலும் ஒவ்வொரு படம் எடுத்து, மடிக்கணினியில் கோப்பின் உள் தகவலைத் திறந்தேன். நிக்கான் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அதுவரையிலான கிளிக் எண்ணிக்கையை எழுதிவைக்கும். டாக்டருடையது சொன்னபடி பதினாலாயிரம் சொச்சம். கிரிக்கெட்காரருடையது 1,12,037. மனம் உடனே டாக்டர் பக்கம் சாய்ந்தது. பட்டும் புத்தி வராத ஜாதி நான்.

அண்ணாச்சி காகிதம் எடுத்தார். "இது நொடிக்குப் பத்து படம் எடுக்கிற மிஷின். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தை பத்தால வகு." 11,200 நொடி. "மணியாக்கு." மூன்று மணி ஏழு நிமிடம். "அவன் மூணு சீசன் எடுத்தும் இந்த ஷட்டர் ஓடுனது இவ்வளவுதான். ரெண்டு லட்சம் கிளிக்குக்குப் போட்ட ஷட்டர் தம்பி. அதுவே போனாலும் மாத்திக்கிடலாம். உள்ள பூத்துப்போச்சுன்னா நான் என்ன செய்ய?"

பிறகு அவர் பார்த்த விதம்தான் நான் அந்தச் சனிக்கிழமைக்குக் கொடுத்த காசுக்கு லாபம். டாக்டர் கேமராவின் லென்ஸ் மூடியைக் கழற்றி, கண்ணால் பார்ப்பதற்கு முன் மூக்கருகே கொண்டுபோனார். மழைக்கால பீரோ வாசனை. பேட்டரி அறைக்குள் டார்ச் அடித்தார். செப்புத் தகடுகளின் ஓரத்தில் லேசான பச்சை. கடற்காற்று. மெனுவில் பேட்டரித் தகவலைத் திறந்தால் அதன் வயதைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை காட்டும், இது மூன்று. உபயோகிக்காமலே கிழமாகிவிட்டது. வியூஃபைண்டரை வெள்ளைச் சுவருக்குக் காட்டினால் கீழ் மூலையில் எனக்கு நன்றாகத் தெரிந்த அதே நூல், இப்போதுதான் முளை விடுகிறது.

கிரிக்கெட் கேமராவில் அடிப்பக்கத் திருகாணிகளின் தலையைப் பார்த்தார். கீறல் இல்லை, யாரும் திறக்கவில்லை. எஃப்/22 வைத்து டியூப்லைட் வெளிச்சச் சுவரை எடுத்தோம். தூசு நாலைந்து, ஊதினால் போய்விடும். லென்ஸை மூடி ஐஎஸ்ஓ 6400-இல் அரை நொடி எடுத்துப் பெரிதாக்கினால் இரண்டே இரண்டு சிவப்புப் புள்ளி, சென்சாரில் பழுது அவ்வளவுதான். கடைசியில் சேட்டின் பூஜை மாடத்தில் எரிந்த ஜீரோ வாட் பல்பைத் தவிர உள்ளறையில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லி, பிள்ளையாரின் தும்பிக்கையில் ஃபோகஸ் வைத்தேன். ஒரு சின்ன 'டிக்', பிடித்துவிட்டது. சேட் கைகூப்பினார், எதற்கென்று தெரியவில்லை.

51,000க்கு முடிந்தது. பாடியின் வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்கினேன். திருட்டுப் பொருள் தலையில் விழாமலிருக்க அது ஒன்றுதான் காப்பு. ரப்பரை அண்ணாச்சி ஒட்டித் தந்தார். காசு வாங்கவில்லை, அரை கிளாஸ் கட்டிங் சாயோடு விட்டுவிட்டார்.

ஞாயிறு. முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்துப் பன்வேல், அங்கிருந்து பேண் போகும் எஸ்டி பஸ்ஸில் கோவா சாலையில் கர்னாலா. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற மாதிரியான அந்தக் கோட்டைப் பாறை மேகத்துக்குள் இருந்தது. நுழைவுச் சீட்டு, கேமராவுக்குத் தனிச் சீட்டு. உள்ளே சீகாரப் பூங்குருவி யாரோ வேலை இல்லாத பையன் சீட்டியடிக்கிற மாதிரி பாடிக்கொண்டிருந்தது.

ஓடைக்கு இந்தப் பக்கமே, ஒரு மரத்தடியில் ஒற்றைக்கால் ஸ்டாண்டை ஊன்றி உட்கார்ந்தேன். இந்தப் பறவை விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. அலகில் இரையை வைத்துக்கொண்டு கூட்டுக்குள் போகாமல் கிளையிலேயே தலையை ஆட்டிக்கொண்டிருந்தால் நாம் மிக அருகில் இருக்கிறோம் என்று பொருள். அப்போது எழுந்து பின்னால் போக வேண்டும், படம் எடுக்கக் கூடாது. எனக்கு முன்னே இரண்டு குழு இன்னும் கிட்டே போக நினைத்தது, காவலர் விரட்டினார். நல்ல வேளை.

இரண்டு மணி நேரம் கொசுவுக்குக் கொடுத்த பிறகு அது வந்தது. இலை இருட்டுக்குள் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி. அலகில் அரணைக்குட்டி. எஃப்/4, நொடியில் 160-இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 6400. மையப் புள்ளியை அதன் கண்ணில் வைத்தேன். பிடித்தது. பறவை அசையாமல் இருந்த நேரத்தில் 80-இல் ஒரு பங்குக்கும் இறங்கிப் பார்த்தேன். லென்ஸின் நடுக்கத் தடுப்பு என் கையைக் காப்பாற்றும், அதன் தலையாட்டலைக் காப்பாற்றாது. அந்தப் படங்கள் எல்லாம் கலங்கல். பிறகு அது நேராகக் கூட்டுக்குள் போனது, வெளியே வந்தது, போய்விட்டது. எனக்கு அந்த 'நேராக'தான் சந்தோஷம்.

மாலை செம்பூரில் இறங்கும்போது பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கேமராவைத் துடைத்து மேசை விளக்கடியில் வைத்தேன், பீரோ பக்கமே போகவில்லை. அண்ணாச்சி போன் செய்தார்.

"எத்தன தட்டுன?"

"612."

"எத்தன தேறும்?"

"நாலு."

"நாலா? பரவால்லயே." கொஞ்சம் யோசித்தார். "அப்போ மூணு மணி எட்டு நிமிஷம் ஆச்சு."