‘சிக்’ என்றால் குமட்டல்: ஓஇடி பேச்சுத் தேர்வைத் தாண்டிய அனுபவம்

பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஏழு வருடம் நாகர்கோவிலில் வார்டு வேலை பார்த்தவள் நான். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்வதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதினேன். கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் முதல் தடவையே கிடைத்துவிட்டன. பேச்சில் மட்டும் 320. அங்கே எழுத்துக்கு 300 போதும், மற்ற மூன்றுக்கும் 350 வேண்டும். அந்த 30 மதிப்பெண்ணுக்காக நான்கு மாதம் உழைத்தேன். மார்த்தாண்டத்திலும் கருங்கலிலும் குலசேகரத்திலும் இதே இடத்தில் மாட்டி நிற்கிற பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேச்சுத் தேர்வில் இரண்டு காட்சிகள். கையில் ஒரு அட்டை தருவார்கள், படிக்க மூன்று நிமிடம், பேச ஏறக்குறைய ஐந்து நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். மதிப்பெண் போடுவது அவர் இல்லை. ஒலிப்பதிவைக் கேட்டு வேறு ஆட்கள் போடுவார்கள். உச்சரிப்பும் இலக்கணமும் மட்டும் பார்ப்பதாக நினைத்திருந்தேன். நோயாளிக்குப் புரிகிற வார்த்தையில் பேசினோமா, அவர் மனசில் இருக்கும் பயத்தைக் கேட்டோமா என்பதற்கும் தனித்தனியாக மதிப்பெண் உண்டு.

முதல் தடவை என் நோயாளி கால் வீங்கிய ஒரு முதியவர். நான் ‘எடீமா’ என்றேன். “அப்படியென்றால் என்ன?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். ‘ஃப்ளூயிட் ரிட்டென்ஷன்’ என்று அடுத்த பெரிய வார்த்தையைத் தூக்கி வைத்தேன். ‘ஸ்வெல்லிங்’ என்ற சின்ன வார்த்தை நாக்கில் வரவே இல்லை. இதே நான் வார்டில் ஒரு பாட்டியிடம் எடீமா என்று சொல்லியிருப்பேனா? “கால்ல நீரு கோத்திருக்கு பாட்டி, காலைக் கொஞ்சம் தூக்கி வச்சிக்கிடுங்க” என்றுதானே சொல்வேன். தேர்வு எழுதிவிட்டுக் கொச்சியிலிருந்து திரும்பும் ரயில் முழுக்க அதே நினைப்புதான்.

வட இங்கிலாந்தில் வேலை பார்க்கும் கருங்கல்காரி அக்கா ஒருத்தி ஞாயிறு இரவுகளில் வீடியோ காலில் நோயாளியாக நடித்துத் தந்தாள். முதல் நாளே, “காலையில இருந்து ரெண்டு தடவை சிக் ஆயிட்டேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான், “எத்தனை நாளாக உடம்பு சரியில்லை?” என்று கேட்டேன். அக்கா நடிப்பை நிறுத்திவிட்டாள். “மக்களே, அவ ரெண்டு தடவை வாந்தி எடுத்திருக்கா. வாந்தியில ரத்தம் இருந்துதா, தண்ணி குடிச்சா நிக்குதான்னு நீ கேக்கணும்.” பிரிட்டனில் ‘ஐ ஃபீல் சிக்’ என்றால் குமட்டுகிறது என்று அர்த்தம். பொதுவாக உடம்பு சுகமில்லை என்பதற்கு ‘இல்’, ‘அன்வெல்’. அக்கா இருக்கும் பக்கம் ‘பூர்லி’ என்ற வார்த்தைதான் அதிகம். லேசாகச் சோர்ந்து கிடந்தால் ‘அண்டர் த வெதர்’. வெயிலுக்கும் மழைக்கும் அதில் வேலையே இல்லை. திடீரென்று தலை சுற்றித் தடுமாறியதை ‘ஃபன்னி டர்ன்’ என்பார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை, கீழே விழுந்தாரா என்று உடனே கேட்க வேண்டும்.

அப்புறம்தான் நாங்கள் தினமும் பேசுகிற ஆஸ்பத்திரி ஆங்கிலத்தைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். லூஸ் மோஷன், வாமிட்டிங் சென்சேஷன், கேஸ் ட்ரபிள், கிட்டினஸ், பாடி பெயின். நமக்குள் தெளிவாகப் புரிகிற வார்த்தைகள்தான். ஆனால் லூஸ் மோஷன் அங்கே ‘டயரியா’, கிட்டினஸ் ‘டிஸ்ஸி’. மோஷன் போனீர்களா என்பதற்கு, ‘பவல்ஸ் ஓப்பன்’ ஆனதா என்று கேட்க வேண்டும்.

வலிதான் எனக்குப் பெரிய மலை. ‘ஷார்ப்’, ‘டல்’, ‘த்ராபிங்’, ‘ஸ்டாபிங்’, ‘நாயிங்’ என்று பட்டியலை மனப்பாடம் செய்தேன்; பேசும்போது ஒன்றும் வரவில்லை. சரி என்று ஒரு நோட்டு வாங்கி, இடது பக்கத்தில் எங்கள் வார்டு நோயாளிகள் சொல்வதை அப்படியே எழுத ஆரம்பித்தேன். பல்வலிக்காரர் “விண்ணு விண்ணுன்னு தெறிக்குது” என்றார், எதிரே ‘த்ராபிங்’. “சுருக்கு சுருக்குன்னு குத்துது”, ‘ஸ்டாபிங்’. குலசேகரத்து ரப்பர் வெட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு “ஒரே கடுப்பு” என்றார். அது ‘டல் ஏக்’. “இடுப்புல இருந்து கால் வரைக்கும் சுரீர்னு இழுக்குது” என்றால் ‘ஷூட்டிங்’. குடைச்சல் ‘நாயிங்’, முறுக்கிப் பிடித்தால் ‘க்ராம்ப்’. குளச்சல் கடற்கரையிலிருந்து வந்த அம்மா ஒருவர் மார்பில் கையை விரித்து வைத்து, “நெஞ்சுக்குள்ள கல்லை ஏத்தி வச்ச மாதிரி இருக்கு மக்களே” என்றார். உடனே இசிஜி எடுத்தோம். அன்று இரவு நோட்டில் அதற்கு எதிரே ‘டைட்’, ‘ஹெவி’ என்று எழுதினேன். ஆங்கிலத்திலும் நெஞ்சின் மேல் கனமாக ஏதோ உட்கார்ந்திருப்பதாகத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த வார்த்தைகள் எனக்கு மறக்கவே இல்லை. சொன்னவரின் முகத்தோடு சேர்ந்தே வந்தன.

தலைசுற்றலுக்கு மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். வீடே சுற்றுகிறது என்பதும், எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்பதும் ஒன்றல்ல. முன்னது ‘ஸ்பின்னிங்’, காதின் உட்பகுதிக் கோளாறாக இருக்கலாம். பின்னது ‘லைட் ஹெடட்’, எழும்போது ரத்த அழுத்தம் இறங்குவதாக இருக்கலாம். இரண்டையும் ‘கிட்டினஸ்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போன நாட்களை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது தடவை அட்டையில் ஒரு பெண், தீராத வயிற்று வலி. எந்த மாதிரி வலி என்று கேட்டேன். அவர் தயங்கியதும், எரிகிறதா, முறுக்குகிறதா, அரித்துத் தின்கிற மாதிரி இருக்கிறதா என்று மூன்று வார்த்தைகளை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் கடைசியைப் பிடித்துக்கொண்டார். எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்றும் கேட்டேன். தன் அம்மாவுக்குப் புற்றுநோய் இருந்ததைச் சொன்னார். பேச்சில் 380 வந்தது.

நோட்டில் ஒரே ஒரு வரிக்கு எதிரே ரொம்ப நாள் வெற்றிடம் இருந்தது: “என்னமோ மாதிரி இருக்கு.” போன வாரம் அக்காவிடம் கேட்டேன். அங்கே வயசானவர்கள் ‘ஐ’ம் நாட் மைசெல்ஃப்’ என்பார்களாம். அப்படிச் சொன்னால் உடனே பல்ஸும் பிரஷரும் பார்த்துவிடுவாளாம். எழுதிவிட்டு, பக்கங்களைப் படம் எடுத்து, அடுத்த மாதம் தேர்வு எழுதப்போகும் இரண்டு ஜூனியர்களுக்கு அனுப்பினேன்.